பூண்டி ஏரியின் உடல்நிலையை எங்களிடம் சொல்லுங்கள்

நீர்வளத்துறையின் சென்னை மண்டலப் பொறியாளர்களுக்கும், மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பின் அதிகாரிகளுக்கும், திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு பட்டியலுக்காகக் காத்திருப்போம். நம்பாக்கம், கிருஷ்ணாபுரம், ஆற்றம்பாக்கம், ஒதப்பை, நெய்வேலி, எறையூர் என்று தொடங்கி, மெய்யூர், வெள்ளியூர், தாமரைப்பாக்கம், திருக்கண்டலம் வழியாக வந்து, சீமாவரம், வெள்ளிவாயல், நாப்பாளையம், இடையான்சாவடி, மணலி, சடையான்குப்பம், எண்ணூர் என்று முடியும். பூண்டி ஏரியில் உபரிநீர் திறக்கும் நாளில் நீங்கள் வெளியிடும் எச்சரிக்கை அறிவிப்பில் வரும் ஊர்கள் இவை. 'கொசஸ்தலை ஆற்றின் இருபுறமும் தாழ்வான பகுதியில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும்' என்று அதில் கடைசியில் ஒரு வரி இருக்கும். சின்ன வயதில் அப்பா அதைப் பேப்பரில் வாசித்துக் காட்டுவார். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. எங்கள் ஊர் அந்தப் பட்டியலின் பிற்பகுதியில், சீமாவரத்தை ஒட்டி வரும்.

அந்த ஊர்க்காரனாகவும், இன்று சென்னையில் குழாய்த் தண்ணீர் குடிப்பவனாகவும் இருந்துதான் இந்த மடலை எழுதுகிறேன். வேலைக்காக நகரத்துக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. என் பிள்ளைகள் குடிப்பது பூண்டியும் புழலும் செம்பரம்பாக்கமும் தரும் தண்ணீர். ஆனால் அம்மாவும் அண்ணன் குடும்பமும் இன்னும் ஆற்றங்கரையில்தான் இருக்கிறார்கள். பூண்டி நிரம்பினால் நகரத்தில் எனக்கு நிம்மதி, ஊரில் எனக்குத் தூக்கம் போகும். ஒரே ஏரி, ஒரே மனிதன், இரண்டு நெஞ்சு. இந்த இரண்டு நெஞ்சுக்கும் சேர்த்து ஒரே கேள்விதான் இருக்கிறது. எண்பது வயது தாண்டிய அந்த அணை எப்படி இருக்கிறது?

அதை யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1939இல் சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி, இந்த நகரத்துக்குச் செங்குன்றம் (புழல்) ஏரி மட்டும் போதாது என்று பிரிட்டிஷ் அரசிடம் விடாமல் வாதாடினார். இரண்டாம் உலகப்போர் தொடங்கிவிட்டிருந்த காலம். அப்போதும் 1940இல் பூண்டிக்கு அடிக்கல் நாட்ட வைத்தார். 1944இல் அணை முடிந்தபோது பார்க்க அவர் இல்லை. 1943 மார்ச்சில் மறைந்துவிட்டார். அவர் பெயரால்தான் சத்தியமூர்த்தி சாகர் என்கிறோம். அதற்குப் பிறகு சென்னையின் குடிநீருக்கென்று புதிதாக ஒரு நீர்த்தேக்கம் வர எத்தனை வருடம் ஆனது? கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை 2020இல் திறக்கப்படும் வரை எழுபத்தாறு வருடம். அது கொள்வதும் அரை டிஎம்சிதான் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). நடுவில் நகரம் எத்தனை மடங்கு பெருத்தது என்று எல்லாருக்கும் தெரியும். 1996இலிருந்து கிருஷ்ணா நீரும் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே வந்து, தமிழக எல்லையான ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட்டைத் தாண்டி, இதே பூண்டியில்தான் விழுகிறது. இவ்வளவு பாரத்தையும் ஒரு பழைய அணை சுமக்கிறது.

பூண்டிக்குப் போகிறவர்கள் ஏரிக்கரையில் நின்று போட்டோ எடுத்துவிட்டு ஊன்றீஸ்வரர் கோயிலுக்குப் போவார்கள். சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம் அதுதான். கண் பார்வை இழந்து திருவொற்றியூரிலிருந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்து அனுப்பிய தலம் என்பது ஐதீகம். அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இன்று தண்ணீருக்கடியில் இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்காகக் கோயிலைப் பெயர்த்து மேட்டில் கட்டினார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் கும்பிட்ட சாமியையும், உழுத நிலத்தையும், வீட்டையும் சென்னையின் தாகத்துக்காக விட்டுக்கொடுத்த ஊர்கள் அங்கே இருந்தன. அந்தத் தியாகத்துக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அணையை ஒழுங்காக வைத்துக்கொள்வது.

அதே பூண்டியில் நீரியல் மற்றும் நீர்நிலையியல் ஆய்வு நிலையமும் இருக்கிறது. அணைகளுக்கும் மதகுகளுக்கும் சிறிய மாதிரி கட்டி, தண்ணீர் விட்டு, எங்கே அரிக்கும், எங்கே சுழலும் என்று பார்க்கும் இடம். பள்ளியிலிருந்து ஒருமுறை எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முழங்கால் உயர அணையில் தண்ணீர் வழிவதைப் பார்த்து வாய் பிளந்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லாத இடம் அது. அறிவு ஏரிக்கரையிலேயே இருக்கும்போது, அது எங்கள் ஊர் வரைக்கும் ஏன் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இனி என் பயத்துக்கு வருகிறேன். பயத்தின் பெயர் ஷட்டர், அதாவது மதகின் இரும்புக் கதவு.

அணை உடையும் என்றால் சுவர் பிளந்து விழுவதுதான் மக்கள் மனதில் வரும் படம். கடந்த சில வருடங்களில் நம்மைச் சுற்றி நடந்ததைப் பார்த்தால், பழைய அணை முதலில் கைவிடுவது அதன் இரும்பில். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் முதல் ஷட்டர் உடைந்து, தேக்கி வைத்த நீர் தென்பெண்ணையில் ஓடியது. பிறகுதான் எல்லா ஷட்டர்களையும் மாற்றினார்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு திருச்சி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் ஆற்றோடு போயின. 1836இல் கட்டியது அது. மேட்டூர் நிரம்பி வந்த வெள்ளம். டெல்டா விவசாயி வருடக்கணக்காகக் காத்திருந்த தண்ணீர். 2022 செப்டம்பர் 21 விடிவதற்கு முன் பரம்பிக்குளத்தின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது, எதிர் எடையைத் தாங்கும் சங்கிலி அறுந்து பிய்த்துக்கொண்டு போனது. சாலக்குடி ஆற்றங்கரையில் இருந்த மக்களை அவசரமாக எச்சரிக்க வேண்டி வந்தது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரையின் 33 மதகுகளில் பத்தொன்பதாவது, அதுவும் சங்கிலி அறுந்து, அடித்துச் செல்லப்பட்டது.

துங்கபத்திரையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு சங்கிலி அறுந்ததால், அழுத்தத்தைக் குறைக்க மற்ற மதகுகளையும் திறந்து, அணையில் சேர்ந்த நீரைப் பெருமளவு ஆற்றில் விட வேண்டியிருந்தது. ஓடும் தண்ணீருக்கு நடுவில் இரும்புத் தடுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி அடைக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. அதற்காக கண்ணையா நாயுடு என்ற மூத்த மதகு நிபுணரை வரவழைத்தார்கள். அந்தப் பெரியவரின் கைத்திறனுக்குக் கோடி வணக்கம். அதே சமயம், ஓய்வுபெற்ற ஒரு மனிதரின் அனுபவத்தை நம்பி இத்தனை பெரிய அணை நிற்க வேண்டியிருந்ததே என்று அன்று இரவு முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. பூண்டியில் அப்படி ஒன்று நடந்தால் இறக்குவதற்கு அவசரத் தடுப்புகள் தயாராக இருக்கின்றனவா? அவற்றை இறக்கப் பழகிய ஆட்கள் யார்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் பணியில் இருக்கிறார்கள்?

பூண்டியில் பதினாறு ஷட்டர்கள். முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி, அதாவது மூன்றேகால் டிஎம்சிக்குச் சற்றுக் குறைவு. லிட்டரில் சொன்னால் ஒன்பதாயிரம் கோடிக்கு மேல். சென்னைக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டிஎம்சி வேண்டும் என்று வைத்தால், நிறைந்த பூண்டி என்பது இந்த நகரத்தின் மூன்று மாதத் தண்ணீர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்குப் பத்தாயிரம் கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.86 டிஎம்சி. நான்கு நாளில் நிறைந்த பூண்டி காலி. ஷட்டர் திறந்த நிலையில் உடைந்தால் நகரத்தின் சித்திரை, வைகாசி கடலுக்குப் போகும். 2019 ஜூனில் ஏரியெல்லாம் வெடித்துக் கிடக்க, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை மறக்க முடியாது. எங்கள் தெருவில் அந்தக் கோடையில் குடம் வரிசை காலை மூன்று மணிக்கே தொடங்கும். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்குத் தண்ணீர் பாட்டில் இரண்டு கொடுத்தனுப்பச் சொன்னார்கள். ஒன்று குடிக்க, ஒன்று கழுவ.

ஷட்டர் மூடிய நிலையில் சிக்கினால் அது வேறு கதை. அதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 2021 நவம்பர் 19 விடியலில், சென்னை அருகே கரை கடந்த அதே காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின் மழை, கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் மேல் இருந்த அன்னமய்யா அணையைக் கொண்டுபோனது. ஐந்து மதகுகளில் ஒன்று முன்பே பழுதாகி இயங்காமல் இருந்தது. மேலே இருந்த பிஞ்சா அணையும் தாங்கவில்லை. வந்த வெள்ளம் வெளியேற வழி போதாமல் மண்கரையின் மேலேறி வழிந்தது. மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் பிறகு அதை யாரும் நிறுத்த முடியாது. வழிகிற தண்ணீரே கரையை வெட்டிக்கொண்டு போகும். ஆற்றங்கரை ஊர்களில் பல உயிர்கள் போயின. அந்த ஊர்கள் இங்கிருந்து வெகுதூரம் இல்லை. வானமும் நம் வானம்தான், வடகிழக்குப் பருவமழைதான்.

பூண்டிக்கும் மண்கரை இருக்கிறது. எங்கள் பெரியப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். அந்தக் காலத்தில் நீர்வளத்துறை தனியாகப் பிரியவில்லை. கரையோரம் தினமும் நடப்பதுதான் அவர் வேலை. லீவு நாளில் என்னையும் கூட்டிப்போவார். மேலே நடக்காதே, கரைக்குக் கீழே, அடிவாரத்தில் நட என்பார். நோய் கீழேதான் தெரியுமாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரம் எங்கே இருக்கிறது என்று காலால் பார்ப்பார். மண்கரையில் கசிவு இருப்பது சகஜம், கசிந்து வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, கலங்கி வந்தால்தான் ஆபத்து என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். கலங்கல் என்றால் கரைக்குள்ளே இருக்கும் மண் தண்ணீரோடு வெளியே வருகிறது என்று பொருள். உள்ளே ஒரு துளை வளர்ந்துகொண்டிருக்கிறது. எலி வளையும் நண்டு வளையும், கரையில் வேர்விட்ட கருவேலமும் அந்தத் துளைக்கு வழி காட்டும். மரம் பட்டுப்போனால் இன்னும் மோசம், வேர் மக்கிக் குழாய் மாதிரி ஆகிவிடும் என்பார். பிற்காலத்தில் பொறியியல் படித்த நண்பர்களிடம் கேட்டபோது, பாடப் புத்தகத்திலும் இதே விஷயம்தான் இருக்கிறது என்றார்கள். பெரியப்பா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கரையோர நடைக்கு யார் வந்தார்கள்? கேமராவும் கருவியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரைக்குள் நீர்மட்டம் பார்க்கும் கருவிகள் கட்டாயம் வேண்டும். ஆனால் கலங்கல் தண்ணீரை முதலில் பார்ப்பது கரை ஓரம் நடக்கிற கண். ஊர் ஊராகப் பாசன உதவியாளர் இடங்கள் காலியாகக் கிடந்தால், அந்தக் கண்ணும் போய்விடும். பூண்டிக் கரைக்கு எத்தனை லஸ்கர் பணியிடம், அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சமே இல்லை. அணையின் பாதுகாப்பில் பாதி அவர்கள் காலில் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசிக்கிறேன். அணையைத் திட்டமிட்டபோது, எவ்வளவு பெரிய வெள்ளம் வரலாம் என்று அன்றைக்குக் கிடைத்த மழைப் பதிவுகளை வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அதன் பிறகு நாம் 2015 டிசம்பரைப் பார்த்துவிட்டோம், 2023இல் மிக்ஜாம் புயலைப் பார்த்துவிட்டோம். பூண்டிக்கு வரும் வெள்ளம் நம் எல்லைக்குள் மட்டும் பெய்த மழையும் இல்லை. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம், அம்மப்பள்ளி அணைகள் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் ஆறு பொங்கும், நகரி ஆறும் நந்தியாறும் சேரும், எல்லாம் பூண்டிக்கு வந்து நிற்கும். அங்கே மதகு திறந்த செய்தி இங்கே எத்தனை மணி நேரத்தில் வருகிறது? போன் வழியாகவா, தானாகப் பதிவாகும் கருவி வழியாகவா? மேலே திறக்கும் தண்ணீர் பூண்டிக்கு வந்துசேரும் இடைவெளிதான் உங்கள் கையில் இருக்கும் நேரம். அது உங்களுக்கு எத்தனை மணி என்று தெரிந்திருக்கும். எங்களுக்கும் தெரிய வேண்டும்.

ஏனென்றால் எங்கள் கையில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவாகவும், பெரும்பாலும் இருட்டாகவும் இருக்கிறது. 2021 நவம்பரில் அண்ணன் வீட்டுக்கு எச்சரிக்கை வந்தது ராத்திரி. மைக் கட்டிய ஆட்டோ மெயின் ரோட்டோடு போய்விட்டது. மழைச் சத்தத்தில் உள்தெருவுக்குப் பாதிதான் கேட்டது. 'இத்தனை ஆயிரம் கனஅடி திறக்கப்படுகிறது' என்ற எண் மட்டும் அம்மாவுக்குப் புரிந்தது. அந்த எண்ணுக்குத் தண்ணீர் எங்கள் வாசற்படிக்கு வருமா, கூரைக்கு வருமா? யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போனான். அம்மா நெல் மூட்டையை விட்டு வரமாட்டேன் என்று பரண் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இடுப்பளவு தண்ணீர் வந்து நின்றது. அதே வெள்ளம் மணலி புதுநகரிலும் சடையான்குப்பத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. அம்மா பிழைத்தாள். நெல் போயிற்று. யார் மேலும் பழி சொல்ல இதை எழுதவில்லை. அன்று ராத்திரி மழையில் நனைந்துகொண்டே ஷட்டர் மேல் நின்றவர்களும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளைகள்தான். எண்ணைச் சொன்னவர்கள், அந்த எண்ணுக்கு உரிய உயரத்தையும் சொல்லியிருந்தால் அம்மா பரணில் ஏறியிருக்க மாட்டாள். அதுதான் நான் சொல்ல வருவது.

இதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அந்த வருடம் டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. பருவமழைக்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு அணையையும் வருடா வருடம் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது அது. பழைய அணைகளுக்கும் ஐந்து ஆண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் ஒன்று தயாராக வேண்டும் என்கிறது. அதே ஐந்து ஆண்டுக்குள், தனி நிபுணர் குழு வைத்து அணையின் முழுப் பாதுகாப்பையும் ஒருமுறை மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. கெடு 2026 டிசம்பர். பூண்டிக்கு இவை எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்க எங்களுக்கு உரிமை இருப்பதாகவே நம்புகிறேன்.

உலக வங்கி உதவியோடு நடக்கும் அணைகள் புனரமைப்புத் திட்டத்தில் தமிழ்நாடு 2012இலிருந்தே இருக்கிறது. பல அணைகளில் நல்ல வேலை நடந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைக்கு அந்தத் திட்டத்தில் புதிதாக உபரிநீர்ப் போக்கி கட்டினார்கள். நூறு வயது தாண்டிய அணைக்கே இது முடியும் என்றால், எண்பது வயதுக்காரருக்கு முடியாதா? துறையால் முடியும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. பருவமழைக்கு முந்தைய ஆய்வு முடிந்ததும் அதை ஒரே பக்கத்தில், தமிழில், ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். பதினாறு ஷட்டர்களில் எது எது ஏற்றி இறக்கிப் பார்க்கப்பட்டது, எந்தத் தேதியில், எதற்கு ரப்பர் சீல் மாற்றினீர்கள், எந்தச் சங்கிலிக்கு அல்லது கம்பி வடத்துக்கு வயதாகிவிட்டது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறதா, அதுவும் போனால் கையால் சுற்றி ஏற்ற எத்தனை ஆள், எத்தனை நேரம். கரையில் கசிவு எங்கே, தெளிவா கலங்கலா. இவ்வளவுதான். பேருந்துக்கு எஃப்சி காட்டுகிறோம், லிப்ட்டில்கூட ஆய்வுச் சான்றிதழ் தொங்குகிறது. இத்தனை லட்சம் பேர் நம்பியிருக்கிற அணைக்கு ஒரு காகிதம் தொங்கினால் தப்பே இல்லை.

அப்புறம், வெள்ளப்பரப்பு வரைபடம். எவ்வளவு திறந்தால் எந்தத் தெரு வரைக்கும் வரும் என்பதை எங்கள் ஊர் மின்கம்பங்களில் வண்ணக் கோடாகப் போட்டுவிடுங்கள். இருபதாயிரம் கனஅடிக்கு ஒரு கோடு, நாற்பதாயிரத்துக்கு ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கோடு புரியும். மாதிரி அணை கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கும் ஆய்வு நிலையம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. இந்தக் கோடுகளைப் போடுவதற்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யார்? எச்சரிக்கையும் மெயின் ரோட்டோடு நிற்கக் கூடாது. கோயில், மசூதி, சர்ச் ஒலிபெருக்கிகளை அதற்குப் பயன்படுத்த ஊர்ப் பெரியவர்கள் மறுக்கவே மாட்டார்கள். நானே பேசித் தருகிறேன்.

ஆற்றின் வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அணை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் அடைத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்தான் நிற்கும். மீனவர்கள் வருடக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். அது வேறு துறை என்று தள்ள வேண்டாம். பூண்டியிலிருந்து எண்ணூர் வரை ஆறு ஒன்றுதான்.

விவரத்தை வெளியே சொன்னால் ஜனங்கள் பீதியடைவார்கள் என்று ஒரு கருத்து உங்களிடையே இருப்பதாகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆற்றங்கரைக்காரர்கள் தண்ணீருக்குப் புதியவர்கள் இல்லை. முழங்கால் வெள்ளத்துக்கும் இடுப்பு வெள்ளத்துக்கும் தனித்தனியாகத் தயாராகத் தெரிந்தவர்கள். எங்களுக்குப் பீதி வருவது வதந்தியில். 'பூண்டி உடைஞ்சிடுச்சாம்' என்று எங்கிருந்தோ ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும் ராத்திரிகளில்தான் பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பலகையில் உங்கள் கையெழுத்தோடு ஒரு காகிதம் இருந்தால், அந்த வாய்ஸ் மெசேஜை யாரும் நம்பமாட்டார்கள்.

மழைக்கு முன் ஷட்டர்களை ஏற்றி இறக்கிச் சோதிக்கும் நாள் எது என்று முன்கூட்டியே அறிவியுங்கள். பட்டியலில் வரும் ஊர்களிலிருந்து, ஊருக்கு இரண்டு பேர் வீதம், ஓரமாக நின்று பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டோம், வேலைக்கு இடைஞ்சலாக நிற்கமாட்டோம். பதினாறும் ஏறி இறங்குவதை எங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போய் ஊரில் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சார்பில் அண்ணன் வருவான். இன்னொரு இடத்துக்கு அம்மா பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குத்தான் பார்க்க வேண்டுமாம். தேதியை மட்டும் சொல்லுங்கள். திருவள்ளூரிலிருந்து காலை முதல் பேருந்தில் வந்து நிற்பார்கள்.

மரியாதையுடன்,
கொசஸ்தலை ஆற்றங்கரைக்காரன் ஒருவன்